வேட்டுக்கு நான் கொடுத்த அனுமதி

முதல் சத்தம் கேட்டபோது நான் வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தேன். பழம் கையிலிருந்து நழுவி மண்ணில் விழுந்தது. அன்று மதியச் சாப்பாடு என்று எனக்கு வாய்த்தது அந்த ஒரு பழம்தான், அதனால் இன்னும் மறக்கவில்லை.

மூன்று மணி இருக்கும். தார் ரோடு வெயிலில் இளகிக் கிடந்தது. சிறப்புப் படையின் கேம்ப் ரோட்டோரத்துப் பழைய உரக் கிடங்கில் இருந்தது. சத்தத்தில் அதன் தகரக் கூரை ஒரு தரம் அதிர்ந்து அடங்கியது. புளியமரத்துக் காக்கைகள் மொத்தமாகக் கிளம்பிக் கத்தின.

முப்பது ஆண்கள் ஒரே நேரத்தில் ஓடினார்கள். ஒருவர் சவரம் செய்துகொண்டிருந்தவர், பாதி முகத்தில் சோப்பு நுரையோடு ரைபிளை எடுத்துக்கொண்டு போய் மரத்தடியில் குப்புற விழுந்தார். வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன்.

"பொசிஷன். எல்லாரும் பொசிஷன்" என்று கேம்ப் இன்ஸ்பெக்டர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்தார்.

ஏரிக்கரை ஊர்ப் பக்கமிருந்துதான் சத்தம். ரோடு புளியமரங்களுக்கு நடுவே வளைவதால் அந்தப் பக்கம் என்ன வருகிறதென்று இங்கிருந்து தெரியாது. முப்பது ரைபிள்களும் அந்த வளைவைப் பார்த்து நீண்டிருந்தன.

அது குண்டு இல்லை, சாவு ஊர்வலத்தின் அதிர்வேட்டு என்று அந்தக் கேம்ப்பில் தெரிந்திருந்த ஒரே ஆள் நான். அதற்கு அனுமதி கொடுத்தவளும் நான்தான். கொடுத்ததை யாரிடமும் சொல்லாமல் மறந்து தொலைத்தவளும் நானேதான்.

காட்டுக்கு எதற்கு ஒரு பெண் போலீஸ்

பயிற்சிப் பள்ளியில் கயிறு ஏறிய கதையைப் போன வாரம் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஓசூரிலிருந்து ஓர் அம்மா, "அத்தனை கஷ்டப்பட்டுப் பயிற்சி முடித்த உங்களை எதற்கு அந்தக் காட்டுப் பக்கம் போட்டார்கள்?" என்று கேட்டு எழுதியிருக்கிறார். நல்ல கேள்வி. வீடுகளைச் சோதனை போடத்தான் அம்மா.

எண்பதுகளின் தொடக்கம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டேஷன் பெயரும் வேண்டாம். பாப்பிரெட்டிப்பட்டிக்கும் அரூருக்கும் நடுவில், சித்தேரி மலை தெரிகிற ஏதோ ஓர் இடம். துப்பாக்கிப் பாதையில் போன இளைஞர்களைத் தேடி வெளி மாவட்டங்களிலிருந்து படைகள் வந்து இறங்கிய காலம் அது. ஒரு பண்ணைக்காரரை வெட்டிப் போட்டிருந்தார்கள். வேறொரு இடத்தில் எங்கள் துறையைச் சேர்ந்தவர்களும் செத்திருந்தார்கள். போலீஸ் ஜீப்பைக் கண்டால் ஊர் பயந்தது. பத்துப் பேர் கூடி நின்றால் போலீஸ் பயந்தது.

வீட்டில் பெண்கள் இருந்தால் சோதனைக்குப் பெண் காவலர் போக வேண்டும் என்பது விதி. சுற்றுவட்டாரத்தில் அப்படி ஒருத்திதான் கிடைத்தாள். வயது இருபத்து நான்கு, நம்பர் இருநூற்றுப் பதினாறு. என் பெயரைச் சொல்லி அந்தக் கேம்ப்பில் யாரும் கூப்பிட்டதில்லை, "டூ ஒன் சிக்ஸ்" என்றால் நான் போய் நிற்க வேண்டும்.

ஊரில் என் அம்மாவுக்கு இதில் தாங்க முடியாத பெருமை. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்களிடமெல்லாம், "எம் பொண்ணு போலீசுல இருக்குதுங்க, சும்மா டைப் அடிக்கிற வேலையில்லீங்க" என்று சொல்வார். நான் என்ன வேலை செய்தேன் என்று அம்மாவிடம் நான் விவரமாகச் சொன்னதில்லை.

மாது வீட்டில் நடந்தது

அந்த ஊர்வலத்துக்கு மூன்று வாரம் முன்னால் ஏரிக்கரை ஊரில் மாது என்கிறவன் வீட்டைச் சோதனை போட்டோம். இருபத்தாறு, இருபத்தேழு வயது இருக்கும். கூலி உயர்வு கேட்டு நடந்த ஏதோ கூட்டத்தில் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தான் என்று தகவல். விடிந்து பால் கறக்கிற நேரத்தில் போனோம்.

மாதுவின் அம்மாவையும் மனைவியையும் சமையல்கட்டுக்குள் வைத்து, வெளியே விடாமல் பார்த்துக்கொள்வது என் வேலை. பார்த்துக்கொண்டேன். அடுப்பில் களிக்கு உலை கொதித்துப் பொங்கி வழிந்தது. அணைக்க யாருக்கும் தோன்றவில்லை.

வாசலில் மாதுவை இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். வலது கையை ஆட்டுக்கல் மேல் நீட்டி வைத்தார்கள். மூன்றாமவர் ரைபிள் கட்டையால் அடித்தார். ஒரு அடிதான். அவனுடைய அப்பா, எண்பது தாண்டிய கிழவர், கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வாயிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை.

வீட்டில் ஒன்றும் கிடைக்கவில்லை. இரண்டு நாள் வைத்திருந்து கேஸ் இல்லாமல் விட்டுவிட்டார்கள். 'தப்பி ஓடும்போது வரப்பில் தடுக்கி விழுந்து கை முறிந்தது' என்று பதிவாயிற்று. எலும்பு கட்டுகிறவரிடம் கட்டியும் கை கோணலாகத்தான் கூடியது.

இதை எழுத எனக்கு இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. பெருமையைச் சொல்ல வந்தவள் இதை மறைத்துவிட்டுச் சொன்னால் அந்தப் பெருமைக்கு அர்த்தம் இல்லை, அதனால் எழுதிவிட்டேன்.

உட்காராமல் போன பாய்

இப்போது என் தப்புக்கு வருகிறேன்.

கேம்ப் வந்த பிறகு அந்தப் பகுதியில் வெடிமருந்துக்குத் தடை. திருவிழா வாணமானாலும் சாவு வேட்டானாலும் ஸ்டேஷனில் மனு எழுதிக் கொடுக்க வேண்டும். அதை நாங்கள் பதிவேட்டில் ஏற்றி, கேம்ப்புக்கு ஆள் அனுப்பித் தெரிவிக்க வேண்டும். சுவரில் ஒட்டியே வைத்திருந்தார்கள்.

அன்று காலை எட்டு மணிக்கு நான் ஸ்டேஷனில் பாரா. பதிவேடுகளை எழுதுகிற ரைட்டர் ஏட்டய்யா கோர்ட் வேலையாக அரூர் போய்விட்டார். காதர் பாய் சைக்கிளில் வந்து இறங்கினார். வாணம் கட்டுவதும் வேட்டுப் போடுவதும் அவர்கள் குடும்பத் தொழில். சுற்று ஊர்களில் எந்தக் கல்யாணச் சாவும், அதாவது பேரன் பேத்தி எடுத்து வயதாகிப் போகிறவர்களின் சாவு, பாய் இல்லாமல் நடக்காது.

"ஏரிக்கரை ஊர்ல மாதுவோட அப்பா தவறிட்டாரும்மா. மதியம் மேல எடுக்கறாங்க. மூணு எடத்துல வேட்டு. ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார்.

எங்கள் பக்கத்தில் இழவு சொல்ல வந்தவரை உட்காரச் சொல்ல மாட்டோம். தண்ணீர் கொடுக்க மாட்டோம். அவரும் வாங்க மாட்டார். நின்றபடி சொல்லிவிட்டு, போய் வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் திரும்பிவிடுவார். நான் அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவள். அப்படி வந்து நிற்கிறவரைப் பிடித்து, "உட்காருங்க பாய், கீழ்க்கண்ட முகவரியில் வசிக்கும் காதர் பணிவுடன் எழுதிக்கொள்வது என்று ஒரு மனு எழுதுங்க" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. செத்தவர் அந்தக் கட்டிலில் உட்கார்ந்திருந்த கிழவர் என்று தெரிந்ததும் சுத்தமாக வரவில்லை.

"சரிங்க பாய். பாத்துப் போடுங்க" என்றேன். அவ்வளவுதான் அனுமதி.

ஏட்டய்யா வந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அதற்குள் கேம்ப்பிலிருந்து ஆள் வந்து, சாயங்காலம் ஒரு சோதனை இருக்கிறது, உடனே வா என்று கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அங்கே போனதும் கையில் ஒரு பெயர்ப் பட்டியலைக் கொடுத்துப் பிரதி எடுக்கச் சொன்னார்கள். எடுத்து முடித்தபோது மணி மூன்று. பசி. வாழைப்பழம்.

யார் பர்மிஷன் கொடுத்தது

இன்ஸ்பெக்டரிடம் ஓடினேன்.

"ஐயா, அது குண்டு இல்லைங்க ஐயா. சாவு வேட்டுங்க."

அவர் வளைவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தடை இருக்கறப்ப எவன் வேட்டு வைப்பான்? ஸ்டேஷன்ல இருந்து தகவலே இல்லையே. யார் பர்மிஷன் குடுத்தது?"

தெரியாது என்று சொல்ல ஒரு நொடி இருந்தது. அந்த நொடியை நான் நன்றாக உணர்ந்தேன். தெரியாது என்று சொல்லியிருந்தால் என் வேலைக்கு ஆபத்தில்லை. ஆனால் அந்தப் பக்கம் இருநூறு பேர் ஒரு பாடையைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். வளைவு திரும்பியதும் வழக்கப்படி அடுத்த வேட்டு. தற்காப்புக்காகச் சுட்டேன் என்று சொல்ல இன்ஸ்பெக்டருக்கு யார் கையெழுத்தும் தேவையில்லை.

"நான்தாங்க ஐயா."

இப்போது திரும்பிப் பார்த்தார். "எழுத்துல இருக்கா?"

"இல்லைங்க ஐயா. வாயால சொன்னேன்."

"அப்ப பர்மிஷன் இல்லை." அவர் குரல் ஏறவில்லை. "இந்த ஊர்க்காரனுக கேம்ப்ப அடிக்க வருவானுகன்னு ரெண்டு நாளா தகவல் இருக்கு. பாடையில பொணந்தான் இருக்குன்னு நீ பாத்தியா? நம்ம ஆளுக செத்தது உனக்குத் தெரியும்ல?"

அவருக்கும் பயம். வெறும் கொடுமைக்காரர் என்று அவரை எழுதினால் கதை சுலபமாகிவிடும். அவருடைய நெற்றியில் வியர்வை ஓடியதை நான் பார்த்தேன். முப்பது பேரையும் உயிரோடு ஊருக்குத் திருப்பி அனுப்ப வேண்டிய ஆள் அவர்.

"நான் போய்ப் பாத்துட்டு வர்றேங்க ஐயா."

"போனா உன் பொறுப்பு."

"பர்மிஷனும் என் பொறுப்புதானுங்க" என்று சொல்லிவிட்டு ரோட்டில் இறங்கினேன்.

வளைவுக்கு இருநூறு அடிதான் இருக்கும். முன்னால் பறைச் சத்தம் நெருங்கிவந்தது, பின்னால் முப்பது ரைபிள்கள். ஓடினால் பின்னால் இருப்பவர்கள் மிரளுவார்கள், மெதுவாகப் போனால் ஊர்வலம் வளைவைத் தாண்டிவிடும். இரண்டுமில்லாத ஒரு நடையில் போனேன். பூட்ஸ் தாரில் ஒட்டி ஒட்டிப் பிரிந்தது.

ஊருக்கு முன்னால்

வளைவின் அந்தப் பக்கம் அவர்கள் வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் பறைக்காரர்கள், அடுத்து மாது. மொட்டையடித்து ஈர வேட்டி கட்டியிருந்தான். கொள்ளிச் சட்டியை இடது கையில் பிடித்திருந்தான். வலது கையால் பிடிக்க அவனால் முடியாது. அவனுக்குப் பின்னால் பூவில் மூடிய பாடை. பாடைக்குப் பக்கத்தில் காதர் பாய் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். கேரியரில் மூன்று வேட்டுக் குழல்கள், ஒன்று புகைந்துகொண்டிருந்தது.

கையைக் காட்டி நிறுத்தினேன். பறை நின்றது.

"இங்கயும் வந்துட்டீங்களா" என்றான் மாது.

விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பக்கம் குண்டு என்று நினைத்துத் துப்பாக்கியோடு படுத்திருக்கிறார்கள், வேட்டை நிறுத்தினால் போதும், நானே கூட வந்து தாண்டி விடுகிறேன் என்றேன்.

"எங்கப்பனைத் திருட்டுப் பொணமாட்டம் சத்தமில்லாம தூக்கிக்கிட்டுப் போவச் சொல்றீங்களா? முடியாதுங்க. சுட்டா சுடட்டும்."

பாடையின் முன் கொம்பைத் தோளில் வைத்திருந்த பெரியவர், "ஏம்மா, எடுத்த பொணத்தத் திருப்பக் கூடாது, நடுரோட்ல எறக்கவுங் கூடாது. முக்கு வந்தா வேட்டுப் போடாம தாண்டவுங் கூடாது. நாங்க என்ன பண்ணட்டும்?" என்றார். தோளில் கனத்தோடு பேசியதால் அவருக்கு மூச்சு வாங்கியது.

காதர் பாய் மெதுவாக, "காலைல உங்ககிட்டச் சொல்லிட்டுத்தானம்மா போனேன்" என்றார்.

இருநூறு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

சாக்கு சொல்ல நிறைய இருந்தது. ஏட்டய்யா இல்லை, கேம்ப்பில் கூப்பிட்டுவிட்டார்கள், வேலை அதிகம். எல்லாம் உண்மையும்கூட. ஆனால் மாதுவின் கோணல் கையைப் பார்த்துக்கொண்டு அதில் ஒன்றைக்கூடச் சொல்ல முடியவில்லை.

"சொன்னாருங்க. பாய் மேல தப்பில்லை. நான் சரின்னுட்டேன். எழுதவும் இல்லை, கேம்ப்புக்குச் சொல்லவும் இல்லை. தப்பு என்னுது" என்றேன்.

 கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு குரல், "போலீசு தப்பு என்னுதுன்னு சொல்லி இன்னிக்குத்தாய்யா கேக்கறேன்" என்றது. இரண்டு மூன்று பேர் சிரித்துவிட்டார்கள். சாவு வீட்டுச் சிரிப்பு, சத்தம் வராமல் தோள் மட்டும் குலுங்கியது. மாது சிரிக்கவில்லை. ஆனால் என்னைப் பார்த்த பார்வை மாறியிருந்தது.

அந்தச் சிரிப்பில்தான் எனக்கு யோசனை வந்தது.

"பாய், ஒரு குழலக் குடுங்க. முக்குல வைக்கற வேட்டை நான் வைக்கறேன். அவங்க கண்ணு முன்னால வைக்கறேன். வேட்டுதான்னு அவங்களே பாத்துக்கட்டும்."

"நீங்களா? பொம்பளைங்க சாவு வேட்டு வைக்கறதாம்மா?" என்றார் பாய்.

பெண்கள் ஊர் எல்லையோடு நின்றுவிடுவது வழக்கம். சுடுகாட்டு வழியில் பெண் வரவே கூடாது. பெரியவர் மாதுவைப் பார்த்தார். முடிவு செய்ய வேண்டியவன் அவன்தான்.

"வைக்கட்டும்" என்றான் மாது.

வாயைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்

வேட்டுக் குழல் என்பது கட்டை விரல் தடிமனுக்கு இரும்புச் சுவர் உள்ள சின்ன உரல். உள்ளே கரிமருந்து, மேலே செங்கல் தூள் போட்டு இடித்து இறுக்கியிருப்பார்கள். அடிப்பக்கத்து ஓட்டையில் திரி. தண்ணீர்க் குடம் கனம் கனத்தது.

பாய் ஓர் ஊதுபத்தியைப் பற்றவைத்து என் கையில் கொடுத்தார். "திரி புடிச்சதும் பத்தடி தள்ளிப் போயிருங்க. மூஞ்சியத் திருப்பிக்கங்க. வாயத் தொறந்து வெச்சுக்கங்க, இல்லாட்டிக் காது போயிரும்." பாய் ஏன் எப்போதும் வாயைப் பிளந்துகொண்டே இருக்கிறார் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

குழலை இடுப்பில் வைத்துக்கொண்டு வளைவைத் தாண்டினேன், தனியாக. நடுரோட்டில் எல்லோருக்கும் தெரிகிற இடத்தில் வைத்தேன். நிமிர்ந்தேன். மரத்தடிகளில் ரைபிள் குழாய்கள் வரிசையாக என்னைப் பார்த்தன.

"ஐயா, பாடையப் பாத்துட்டேங்க. பொணந்தாங்க. இது வேட்டுக் குழலுங்க. இப்ப நான் பத்தவைக்கறேன். சத்தம் வரும். பாத்துக்கங்க ஐயா."

என் தொண்டையில் அத்தனை சத்தம் இருந்தது எனக்கே தெரியாது.

இன்ஸ்பெக்டர் குழலையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் காத்திருந்தேன். ஊதுபத்திச் சாம்பல் என் பூட்ஸ் மேல் விழுந்தது. அவர் "வை" என்று சொல்லாமல் வைப்பதில்லை என்று முடிவு செய்திருந்தேன். 

கடைசியில் அவர் கையைத் தூக்கினார். "எல்லாரும் ட்ரிகர்ல இருந்து வெரல எடு. எடுத்தாச்சா?" இரண்டு தரம் கேட்டார். பிறகு என்னைப் பார்த்து, "ம்" என்றார்.

வைத்தேன். திரி சீறியது. பத்தடி தள்ளிப் போய் முகத்தைத் திருப்பி வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். உலகத்தில் எந்தப் பெண் போலீசும் அந்தக் கோலத்தில் நின்றிருக்க மாட்டாள்.

பூமி ஒரு தரம் தூக்கிப் போட்டது. வெள்ளைப் புகை ரோட்டை மறைத்தது. கரிமருந்து நாற்றம் மூக்கில் ஏறியது. புகை கலையும்வரை நான் எண்ணிக்கொண்டிருந்தேன். வேறு சத்தம் எதுவும் வரவில்லை. ஒரு தோட்டாகூட வெளியே வரவில்லை.

பறை மறுபடி தொடங்கியது. ஊர்வலம் வளைவைத் திரும்பியது.

பாதிச் சவர ஆசாமி எழுந்து நின்றார். நுரை காய்ந்து கன்னத்தில் வெள்ளை வெள்ளையாக ஒட்டியிருந்தது. பறைக்காரர் ஒருவர் அவரைப் பார்த்துவிட்டு அடியைத் தப்பவிட்டார். இன்ஸ்பெக்டர் நேராகப் பாடைக்கு வந்து பார்த்தார். நெற்றிக் காசோடு அந்தக் கிழவரின் முகம். இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, ஊர்வலத்தின் கடைசி ஆள் தாண்டும்வரை அப்படியே நின்றார்.

அப்புறம் சுடுகாட்டில் மூன்றாவது வேட்டுப் போட்டார்கள். அது வரும் என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் எல்லோரும் ஒரு துள்ளு துள்ளினோம்.

முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் சர்வீஸ் பார்த்துவிட்டேன். மெடல் கூட ஒன்று வாங்கியிருக்கிறேன். அன்றைய மூன்று மணிக்கு ஈடாக எனக்கு எதுவும் இல்லை. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமும் இல்லை.

விட்டுவைத்த வரி

சாயங்காலம் ஏட்டய்யா அரூரிலிருந்து வந்தார். எல்லாம் கேட்டுவிட்டுப் பொது நாட்குறிப்பை எடுத்து என் முன்னால் வைத்தார். ஸ்டேஷனில் நடப்பதையெல்லாம் நேரம் போட்டு எழுதுகிற புத்தகம் அது. கெட்டிக்கார ரைட்டர்கள் பக்கத்துக்கு ஒரு வரி காலியாக விட்டு எழுதுவார்கள். பின்னால் எதையாவது செருக வேண்டியிருந்தால் உதவும்.

"காலைல எட்டு மணிக்குக் கீழ ஒரு வரி இருக்குது பாரு. 'மனு பெறப்பட்டது, கேம்ப்புக்குத் தகவல் அனுப்பப்பட்டது'ன்னு போட்டுரு. காதர் பாய்கிட்ட மனுவ நான் எழுதி வாங்கிக்கறேன். உன் மேல ஒண்ணும் வராது" என்றார்.

என்மேல் உண்மையான பாசத்தில்தான் சொன்னார். ஆனால் மாது வரப்பில் தடுக்கி விழுந்ததும் அதே மாதிரி ஒரு வரியில்தான். அதைச் செருகியவரும் இவர்தான்.

"வேண்டாங்க ஏட்டய்யா. இப்ப என்ன மணியோ அந்த மணியப் போட்டு எழுதறேன்."

மாலை ஆறு பத்து என்று போட்டு எழுதினேன். வாயால் அனுமதி கேட்டார், வாயால் கொடுத்தேன், பதியவில்லை, தெரிவிக்கவில்லை. கீழே என் நம்பர். ஏட்டய்யா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பொழைக்கத் தெரியாத புள்ள" என்றார்.

பத்தாம் நாள் மெமோ வந்தது. சர்வீஸ் புத்தகத்தில் கண்டனம் ஏறியது. அம்மாவிடம் சொன்னேன். "வேலை இருக்குதில்ல?" என்று மட்டும் கேட்டார்.

ஒரு கேள்வியும் கேட்காமல்

அதற்கு அடுத்த வாரம் மாது ஸ்டேஷனுக்கு வந்தான். வாசல்படிக்கு வெளியேயே நின்றுகொண்டான். உள்ளே கூப்பிட்டேன், வரவில்லை.

"கையப் பத்தி ஆர்.டி.ஓ. கிட்ட மனு குடுத்திருக்கேனுங்க. வெசாரணைக்குக் கூப்புட்டிருக்காங்க. வரப்புல வுழுந்து ஒடஞ்சதுன்னு இங்க எழுதி வெச்சிருக்குதாம். எங்க வூட்டுப் பொம்பளைங்க சொன்னா சொந்தக்காரங்க சாட்சிம்பாங்களாம்."

நிறுத்தினான். அப்புறம் சொன்னான்: "அன்னிக்கு நீங்களும் எங்க வூட்ல தான் இருந்தீங்க."

நான் அவனுடைய வலது கையைப் பார்த்தேன்.

"அத்தனை பேருக்கு முன்னால தப்பு என்னுதுன்னு சொன்னீங்க. அதான் வந்தேனுங்க" என்றான். வருவீர்களா மாட்டீர்களா என்று கேட்கவில்லை. போய்விட்டான்.

ஏட்டய்யா உள்ளிருந்து எல்லாம் கேட்டிருந்தார். "வேட்டு வேற, இது வேற. அது உன்னோட தப்பு, நீ ஒத்துக்கிட்ட. இது டிபார்ட்மென்ட்டு. உன்ன எங்க தூக்கிப் போடுவாங்கன்னு சொல்ல முடியாது" என்றார்.

எங்கே தூக்கிப் போட்டார்கள் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். தொப்பூர் கணவாய்க்கு. லாரி கவிழ்ந்தால் ஓடுவதும், அடிபட்டவர்களை எடுத்து ஜீப்பில் ஏற்றுவதும் ஐந்து வருஷம் என் வேலையாக இருந்தது. அதில் பிழைத்தவர்கள் சிலர் இன்னும் எனக்குப் பொங்கல் வாழ்த்து அனுப்புகிறார்கள், ஆகையால் தண்டித்தவர்களுக்கும் என் நன்றி.

போலீஸ் அடித்ததாகப் புகார் வந்தால் வருவாய்க் கோட்டாட்சியரான ஆர்.டி.ஓ.தான் விசாரிப்பார். விசாரணை நடந்த அறை சின்னது. மின்விசிறி கடகடத்தது. ஒரு பக்கம் மாது, இன்னொரு பக்கம் கேம்ப் இன்ஸ்பெக்டர். மூலையில் டைப்ரைட்டரோடு ஒருவர். காக்கியில் சாட்சி சொல்ல வந்தது நான் ஒருத்திதான்.

ஆர்.டி.ஓ. எங்கள் ஸ்டேஷன் அறிக்கையைப் புரட்டிவிட்டு, "சோதனை நேரத்துல நீங்க சமையல்கட்டுல பெண்களோட இருந்ததா இதுல இருக்கு. சரிதானா?" என்று கேட்டார்.

"சரிதாங்க ஐயா."

"அப்ப வெளிய நடந்தது உங்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை."

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். அதட்டுகிற பார்வை இல்லை, களைத்துப்போன பார்வை. மாது தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கதவு தொறந்துதாங்க ஐயா இருந்துச்சு" என்றேன்.

டைப் அடிப்பவரின் விரல்கள் நின்றன. இதை அப்படியே அடிக்கட்டுமா என்பதுபோல் ஆர்.டி.ஓ.வைப் பார்த்தார். ஆர்.டி.ஓ. என்னைப் பார்த்தார்.

"அடிக்கச் சொல்லுங்க ஐயா" என்றேன். "மீதியையும் சொல்றேன்."